ஆர்-32, ஆர்-290: குழாயைத் திறக்கும் நேரத்தில் தெரியும் வேறுபாடு

தூத்துக்குடியில் ஏசி பழுது பார்ப்பவனுக்குக் கேஸ் கசிவு அபூர்வமான வேலை அன்று. கடற்காற்றில் வரும் உப்பு அவுட்டோர் காயிலின் அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கிவிட்டுக் குழாய்க்கும் பிரேசிங் வைத்த (உலோகத்தை உருக்கி ஒட்டிய) இணைப்புகளுக்கும் வந்துசேர்கிறது. கடலுக்குத் தள்ளியிருக்கும் நகரங்களில் பத்து ஆண்டு தொந்தரவில்லாமல் ஓடும் பெட்டி இங்கே அதில் பாதிக் காலத்திலேயே ஒழுகத் தொடங்கிவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே ஒரு வாயு எவ்வளவு நன்றாகக் குளிர்விக்கிறது என்பதைவிட, அது ஒழுகும்போதும் அந்தக் குழாயை வெட்டி ஒட்டும்போதும் எப்படி நடந்துகொள்கிறது என்பதே எங்கள் ஊரில் பெரிய கேள்வி.

இன்று வீட்டு ஸ்பிளிட் ஏசிகளில் புதிதாக வரும் குளிர்பதன வாயுக்களான ஆர்-32, ஆர்-290 இரண்டும் தீப்பிடிக்கக்கூடியவை. சில ஆண்டுகள் இரண்டையும் ஒரே மாதிரி கையாண்ட பிறகு எங்கள் கடையில் ஒரு முடிவெடுத்தோம். ஆர்-32 பெட்டியில் குழாய் திறக்கும் வேலையை வாடிக்கையாளர் வீட்டிலேயே செய்கிறோம். ஆர்-290 பெட்டியில் வாட்டர் சர்வீஸ், கெப்பாசிட்டர், ஃபேன் மோட்டார், போர்டு வரைதான் வீட்டுக்குள் தொடுவோம். குழாயைத் திறக்க வேண்டுமென்றால் மொட்டை மாடியிலோ கடையின் திறந்த முற்றத்திலோதான். என் வீட்டுக்கு வாங்கிய இரண்டும் ஆர்-32. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிட்டதால், இனி சொல்வதை அந்தக் கண்ணோடு படித்துக்கொள்ளலாம்.

எல்லோரும் பேசும் விஷயங்களை விரைவாகக் கடந்துவிடுகிறேன். குளிர்ச்சியிலும் மின்சாரச் செலவிலும் இரண்டும் நல்லவையே; கொளுத்தும் வெயிலில் கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் வாயுவின் சூடு ஆர்-290-இல் குறைவு என்பதால் அந்த ஓர் இடத்தில் அதுவே மேல். ஓசோனுக்கு இரண்டாலும் கேடில்லை. புவி வெப்பமடைதலைப் பொறுத்தவரை, கரியமில வாயுவை 1 என்று வைத்தால் ஆர்-32-இன் மதிப்பு 675, ஆர்-290-இன் மதிப்பு ஏறத்தாழ 3. ஏசிகளில் இதற்கு முன் வந்த ஆர்-410ஏ வாயுவின் 2088-உடன் ஒப்பிட்டால் ஆர்-32 மிகக் குறைவுதான் என்றாலும், ஆர்-290-க்குப் பக்கத்தில் வைத்தால் அது பெரிய எண்தான். காகிதத்தில் பார்த்தால் ஆர்-290 வெல்ல வேண்டிய போட்டி இது.

இனி தீ. பன்னாட்டு வகைப்பாட்டில் ஆர்-32 ஏ2எல், அதாவது மெதுவாக எரியும் வகை. ஆர்-290 ஏ3, எளிதில் எரியும் வகை. ஆர்-290 என்பது தூய்மைப்படுத்திய புரொப்பேன். சமையல் கேஸின் நெருங்கிய உறவுதான், ஆனால் சமையல் கேஸில் கசிவை உணர்த்துவதற்காகச் சேர்க்கும் நாற்றம் இதில் இல்லை. இதன் பொருள் என்ன என்பதை ஒரு சாதாரண அறையை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பது அடி உயரம் என்றால் சுமார் 30 கன மீட்டர். எரிவதற்கு ஒரு கன மீட்டர் காற்றில் குறைந்தது 38 கிராம் ஆர்-290 கலந்திருக்க வேண்டும். ஆர்-32 என்றால் 307 கிராம். இந்த அறை முழுவதும் சீராகக் கலந்து எரியும் நிலைக்கு வர முதலாவதில் ஒரு கிலோவுக்கு மேலும், இரண்டாவதில் ஒன்பது கிலோவுக்கு மேலும் வேண்டும். பெட்டிக்குள் இருப்பதோ ஆர்-290 என்றால் 300 கிராம் அளவிலும், ஆர்-32 என்றால் 800 கிராம் அளவிலும்தான். எனவே முழுவதும் ஒழுகினாலும் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கசிந்த வாயு சீராகக் கலக்கும்வரை காத்திருப்பதில்லை என்பதுதான் அந்தக் கணக்கில் விடுபடுவது. இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. ஃபேன் ஓடாத அறையில் தரையில் இறங்கிப் படர்கின்றன. அதே அறையின் தரையில் 300 கிராம் ஆர்-290 எரியும் அளவுக்கு மட்டும் கலந்து பரவினால் முழங்காலுக்கு மேல், ஏறத்தாழ 70 செ.மீ. உயரம் வரை நிற்கும். 800 கிராம் ஆர்-32 பரவினால் 23 செ.மீ. நிற்கும். இவை மோசமான நிலைக்குப் போட்ட கணக்குகள், உண்மையில் இவ்வளவு ஒழுங்காகப் படர்வதில்லை. ஆனாலும் அந்த 70 செ.மீ. உயரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு முறை குனிந்து பார்த்தால் போதும்: பிளக் பாயின்ட், ஸ்பைக் பஸ்டர், இன்வெர்ட்டர், பூஜை அறைக் கதவோரம் எரியும் குத்துவிளக்கு.

நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் காரணம் இங்கேதான் வருகிறது: பற்றவைக்க எவ்வளவு சிறிய பொறி போதும் என்பது. ஆர்-290-க்கு 0.25 மில்லிஜூல் போதும். ஆர்-32-க்கு 30 மில்லிஜூலுக்குக் குறையாமல் வேண்டும். நூறு மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி. தீ பரவும் வேகத்திலும் ஆர்-32 நொடிக்கு 6.7 செ.மீ. மட்டுமே; புரொப்பேன் அதைப்போல் ஆறேழு மடங்கு. செயற்கை இழைச் சட்டையிலிருந்து விரலுக்குத் தாவும் நிலைமின் பொறி ஆர்-290-ஐப் பற்றவைக்கும், ஆர்-32-ஐப் பொதுவாகப் பற்றவைக்காது. எங்கள் ஊரின் ஈரக்காற்றில் நிலைமின் குறைவு என்பது உண்மைதான். ஆனால் லைட் சுவிட்ச், ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட், காலிங் பெல், குழாய்க்குள் இருப்பதை உறிஞ்சி எடுக்கும் எங்கள் வேக்கம் பம்பின் சுவிட்ச் ஆகியவை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் பொறி விடுகின்றன.

இதை வேலையின் மொழியில் சொன்னால் இப்படி வரும். ஆர்-32-இல் நான் காவல் காக்க வேண்டியது குழாயை ஒட்ட என் கையிலிருக்கும் கேஸ் டார்ச்சையும் அருகே எரியும் நெருப்பையும்தான். ஆர்-290-இல் அந்த வீட்டையே காவல் காக்க வேண்டும். என் டார்ச் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வேலை நடக்கும் அறைக்கு வந்து, இருட்டாக இருக்கிறதே என்று அன்போடு லைட்டைப் போடும் பாட்டியம்மா என் கட்டுப்பாட்டில் இல்லை. சுற்றிலும் மூன்று மீட்டருக்குப் பொறி வரும் எதுவும் இருக்கக் கூடாது, மின்சாரத்தை அறைக்கு வெளியே மெயினில் நிறுத்த வேண்டும், கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வேலை தொடங்கும் முன்பே காற்றோட்டம் இருக்க வேண்டும் என்பவையெல்லாம் சரியான விதிகள். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கட்டிலும் பீரோவும் போக மூன்று மீட்டர் எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

எங்கள் முடிவுக்கு உடனடிக் காரணமான நிகழ்ச்சி வீட்டுக்குள் நடக்கவில்லை என்பது எங்கள் நல்ல காலம். மாடியில் ஒரு ஆர்-290 அவுட்டோரில் கம்ப்ரஸர் மாற்ற வேண்டியிருந்தது. கேஸை நீண்ட ஹோஸ் வழியாகத் திறந்தவெளியில் விட்டுவிட்டோம். கேஜ் பூஜ்யத்தில் நின்றது. தீப்பிடிக்காத பழைய வாயுவான ஆர்-22-இன் பழக்கத்தில் என்னிடம் வேலை பார்க்கும் பையன் டார்ச்சைப் பற்றவைத்து உறிஞ்சு குழாயின் இணைப்பைச் சூடாக்கி உருவப் போனான். நான் தடுப்பதற்குள் குழாய் வாயிலிருந்து நீலச் சுடர் ஒரு முழத்துக்கு எழுந்து அடங்கியது. அவன் முன்கை ரோமம் கருகியதோடு போயிற்று. "அண்ணே, கேஜ் ஜீரோலதானே நின்னுச்சு" என்றான். அவன் சொன்னது உண்மை. கேஜ் காட்டியது அழுத்தத்தை மட்டும். கம்ப்ரஸர் எண்ணெய்க்குள் கரைந்திருந்த புரொப்பேனைக் கேஜ் காட்டாது. டார்ச்சின் சூடு பட்டதும் எண்ணெய் அதை மெல்ல விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அதன் பிறகு எங்கள் வழி மாறியது. ஆர்-290-இல் கேஸை வெளியேற்றிய பின் வேக்கம், பின்பு உலர்ந்த நைட்ரஜன், மீண்டும் வேக்கம், மீண்டும் நைட்ரஜன் என்று கழுவாமல் குழாயைத் தொடுவதில்லை. பழைய இணைப்பை நெருப்பால் உருவுவதே இல்லை. பைப் கட்டரால் அறுத்தெடுக்கிறோம். புதிய இணைப்புக்கு மட்டுமே டார்ச், அதுவும் குழாய்க்குள் நைட்ரஜன் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது. கசிவு பார்ப்பதற்கு நைட்ரஜன் அழுத்தமும் சோப்பு நுரையும். ஆக்சிஜன் சிலிண்டரை எந்தக் காரணத்துக்காகவும் இணைப்பதில்லை, ஏனெனில் எண்ணெயும் அழுத்த ஆக்சிஜனும் சந்தித்தால் வெடிப்பதற்கு எந்தக் குளிர்பதன வாயுவும் தேவையில்லை. வேக்கம் பம்பை அதன் சுவிட்சில் போடாமல், தொலைவில் இருக்கும் பிளக்கில் போட்டு நிறுத்துகிறோம். கேஸை எடை பார்த்தே ஏற்றுகிறோம். 300 கிராமில் 30 கிராம் தவறினால் பத்தில் ஒரு பங்கு என்பதால் குறைந்ததை உத்தேசமாக நிரப்பும் டாப் அப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதே ஒழுங்கை ஆர்-32-க்கும் பின்பற்ற வேண்டும், பின்பற்றுகிறோம். ஒரு படி தவறினால் என்ன விலை என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. தவறே செய்யாத மெக்கானிக்கை வைத்து ஒப்பிட்டால் இரண்டும் சமம். மே மாதத்தில் ஒரு நாளைக்கு ஆறு வீடு ஏறும் மெக்கானிக்கை வைத்து ஒப்பிட்டால் சமம் இல்லை.

ஆர்-32-இன் குறைகளை மறைக்க விரும்பவில்லை. அழுத்தம் ஆர்-22-ஐப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய ஹோஸும் கேஜும் இதற்குத் தாங்காது. ஆர்-290-இல் அழுத்தம் ஆர்-22-ஐவிடச் சற்றுக் குறைவு என்பதால் அந்தத் தொல்லை இல்லை. நெருப்பில் பட்டால் ஆர்-32 சிதைந்து ஹைட்ரஜன் புளோரைடைத் தருகிறது. மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும் நச்சு அது. கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் டார்ச் காட்டி மூச்சு முட்டியவர்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, 800 கிராமைக் காற்றில் திறந்துவிட்டால் 540 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான கேடு. ரிக்கவரி மெஷினில் பிடித்துச் சிலிண்டரில் அடைக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் அப்படி ஒரு மெஷின் கிடையாது. எங்களிடமும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வந்தது. ஆர்-290-ஐத் திறந்தவெளியில் கவனமாக விடுவதால் சூழலுக்கு வரும் கேடு மிகச் சொற்பம். இந்த ஓர் இடத்தில் என் வாதம் வலுவிழக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆபத்து பம்ப் டவுன். ஏசியைக் கழற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது வாயுவை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கிறோம். கசிவுள்ள பெட்டியிலோ, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டைத் தளர்த்திவிட்டாலோ காற்று உள்ளே போகும். காற்று, எண்ணெய்ப் புகை, அழுத்தம், சூடு நான்கும் சேர்ந்தால் டீசல் இஞ்சினுக்குள் நடப்பது கம்ப்ரஸருக்குள் நடந்து அது வெடித்துச் சிதறும். எரியாத வாயுவான ஆர்-22-இலும் இப்படி நடக்கும் என்பதால் இங்கே எந்த வாயுவும் உங்களைக் காப்பாற்றாது. கேஸ் குறைந்த பெட்டியைப் பம்ப் டவுன் செய்யாமல் இருப்பதே வழி.

பழைய ஆர்-22 பெட்டியில் மலிவாக முடியும் என்று ஆர்-290-ஐ ஏற்றித் தருபவர்களைப் பற்றி ஒரு சொல். அழுத்தம் ஒத்துப்போவதால் பெட்டி ஓடும், நன்றாகவும் குளிரும். ஆனால் ஆர்-290-க்கென்று வடிவமைத்த பெட்டியில் பொறி விடக்கூடிய ரிலேக்களை அடைத்து வைத்திருப்பார்கள், வாயுவின் அளவை அறையின் பரப்புக்கேற்ப வரையறுத்திருப்பார்கள். பழைய பெட்டியில் இவை இரண்டும் இல்லை. அடுத்து வரும் மெக்கானிக் ஸ்டிக்கரைப் பார்த்து ஆர்-22 என்று நம்பி டார்ச்சைப் பற்றவைப்பான்.

என் அனுபவம் வீட்டு ஸ்பிளிட் ஏசிகளோடு நின்றுவிடுகிறது. ஆர்-290 பெட்டிகளில் குழாய் திறந்த வேலை இருபதுக்கும் குறைவு. அதை வைத்து எல்லா ஊருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் இதேபோல் எளிதில் எரியும் ஆர்-600ஏ வாயுவை நாள்தோறும் கையாள்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு என்னிடமுள்ள பதில், அங்கே இருப்பது ஐம்பது கிராம் அளவுதான் என்பது மட்டுமே. உப்புக்காற்று இல்லாத, கசிவு அரிதான ஊரில் நானும் வேறு முடிவெடுத்திருக்கக்கூடும்.

காலமும் என் பக்கம் இல்லை. ஆர்-290 ஸ்பிளிட் ஏசியைக் கோத்ரேஜ் 2012-லேயே இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. புவியைச் சூடாக்கும் குளிர்பதன வாயுக்களைக் குறைப்பதற்கான கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-இல் ஏற்றது; அதன்படி 2032 முதல் ஆர்-32 உள்ளிட்ட ஹெச்எஃப்சி வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், 2047-க்குள் 85 விழுக்காடு. அதை நினைத்துத்தான் புரொப்பேன் போன்ற ஹைட்ரோகார்பனை மோப்பம் பிடிக்கும் டிடெக்டர் ஒன்றை வாங்கிவைத்திருக்கிறோம். ஆர்-290 பெட்டி முற்றத்துக்கு வரும் நாள்களில் அதைத் தரையோரம் வைத்துவிட்டுத்தான் கட்டரை எடுக்கிறோம். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது எதுவும் தானாகப் பொறி விடக் கூடாது என்பதற்காக, கடையின் டீ கெட்டில் வரை எல்லாப் பிளக்கையும் அன்றைக்கு உருவிவிடுகிறோம்.