ஆன் பாஸான்: லைலாக் கேட்டால் வெள்ளரிக்காயும் சேர்ந்து வரும்

லைலாக் வாசனையில் நல்ல பெர்ஃப்யூம் எது என்று தேட ஆரம்பித்தால், சுற்றிச் சுற்றி ஃப்ரெடெரிக் மால் என்ற பெர்ஃப்யூம் கம்பெனியின் ‘ஆன் பாஸான்’ முன்னால்தான் வந்து நிற்போம். 2000இல் வந்தது. இன்னும் விற்கிறது, இதைப் பற்றிய சண்டையும் ஓயவில்லை. ‘இதைவிட அசலான லைலாக் கிடையாது’ என்கிறது ஒரு கூட்டம். ‘வெள்ளரிக்காய்’ என்று முகம் சுளிக்கிறது இன்னொன்று. பிசைந்த மாவு, ஃபினாயில், பாச்சை உருண்டை, ‘அடித்தேனா இல்லையா என்றே தெரியவில்லை’ என்று பூசியவர்கள் சொன்னதையெல்லாம் அடுக்கினால், ஒரே பாட்டிலைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வரும். ஆனால் யாரும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஏறக்குறைய எல்லாப் புகாருக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் பூவைப் பார்ப்போம். லைலாக் பால்கன் மலைப்பகுதிச் செடி. குளிர்காலத்தில் பல வாரம் நல்ல குளிர் பட்டால்தான் பூக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தொட்டியில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. டொராண்டோவில் இருப்பவர்களுக்கு மே மாதத்தில் வேலியோரம் ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாய்த் தெரியும் பூ இதுதான். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஹைலேண்ட் பூங்கா முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட லைலாக் செடிகள் நிற்கின்றன. மே மாதம் அங்கே திருவிழாவே நடக்கும். நம் மல்லிகை, முல்லை, பவழமல்லி எல்லாம் இதற்கு உறவு; எல்லாமே ஒலியேசியே குடும்பம்.

உறவு இருந்தும் ஒரு விஷயத்தில் லைலாக் பிடிகொடுக்காது. தமிழ்நாட்டு மல்லியைக் கரைப்பானில் போட்டு அப்சல்யூட் என்ற அடர்ந்த சாறு எடுத்து வெளிநாட்டு பெர்ஃப்யூம் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். லைலாக்கில் வணிக அளவில் அப்படி எடுக்கும் எண்ணெய் கிடையாது. கிடைக்கும் கொஞ்சநஞ்சச் சாற்றிலும் மரத்தில் இருந்த மணம் இருப்பதில்லை. ஆகவே கடையில் ‘லைலாக்’ என்று எழுதியிருக்கும் எதுவுமே பூவிலிருந்து வடித்ததல்ல. வாசனைக் கலைஞர் வேதிப்பொருள்களை அளந்து கலந்து கட்டிய பூதான் அது. ‘இயற்கை லைலாக் எண்ணெய்’ என்று யாராவது மலிவாக விற்றால் பர்ஸை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானத்தின் அடித்தளம் காலங்காலமாக டெர்பினியால் என்ற பொருள். பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து மலிவாகக் கிடைக்கும். அதனோடு ரோஜா வாடைக்கு ஃபினைல்எத்தில் ஆல்கஹால், பவுடரும் பாதாமும் கலந்த இனிப்புக்கு ஹீலியோட்ரோபின், சோம்பு சாயலுக்கு அனிசால்டிஹைடு, பூவுக்கு உயிர் கொடுக்கத் துளியூண்டு இன்டோல். இவை எந்த லைலாக் கலவையிலும் எதிர்பார்க்கக்கூடிய பெயர்கள். ஒவ்வொன்றின் அளவையும் வைத்துத்தான் பூ மரத்தில் நிற்கிறதா, சோப்பில் நிற்கிறதா என்பது முடிவாகும்.

ஃபினாயில் புகார் இங்கேதான் பிறக்கிறது. நம் வீடுகளில் தரை துடைக்கும் வெள்ளை ஃபினாயிலில் இருப்பது பைன் எண்ணெய். அதில் பெரும்பங்கு இதே டெர்பினியால். மேற்கு நாடுகளிலும் மலிவு சோப்பு, கழிப்பறை வாசனைக்கட்டி என்று லைலாக் மலிந்துபோனது இந்தப் பொருளால்தான். ஆகவே ‘ஆஸ்பத்திரி வராந்தா’ என்று சொல்பவரின் மூக்கைக் குறை சொல்ல முடியாது. நியாயமாகச் சொன்னால், ஆன் பாஸானில் இந்த நெடி மற்ற லைலாக்குகளைவிடக் குறைவு. முதல் ஒரு நிமிடத்தில் ஆல்கஹாலோடு சேர்ந்து எட்டிப் பார்க்கும், அவ்வளவே. அடித்தவுடன் மூக்கை ஒட்டவைத்து முகர்பவர்களுக்குத்தான் அது பெரிதாகத் தெரிகிறது.

பாச்சை உருண்டை இன்டோலின் வேலை. பாச்சை உருண்டை நாஃப்தலீன், இன்டோல் வேறு. தனியாக முகர்ந்தால் இரண்டுக்கும் சாயல் உண்டு. மல்லிகையிலும் இது இருக்கிறது. முந்தின இரவு வைத்த சரம் காலையில் தலையணையில் வாடிக் கிடக்கும்போது வரும் கனத்த வாடை நினைவிருந்தால், அதில் இன்டோலுக்குப் பங்கு உண்டு. மல்லியோடு வளர்ந்த மூக்குகளுக்கு இது பொதுவாக உறுத்துவதில்லை. புகார் பெரும்பாலும் பூவே வைக்காத ஊர்க்காரர்களிடமிருந்துதான் வருகிறது.

இனி வெள்ளரிக்காய். இதை உருவாக்கிய ஒலிவியா ஜாகோபெட்டிக்கு இலை, தண்டு, ஈரம் என்றால் தனி ஈடுபாடு. லார்திசான் பார்ஃப்யூமருக்குச் செய்த ‘ப்ரெமியே ஃபிகியே’ (1994), டிப்டிக்குக்குச் செய்த ‘ஃபிலோசிகோஸ்’ (1996) இரண்டிலும் அத்திப்பழத்தை மட்டும் பிடிக்காமல் மரத்தையே பிடித்தவர். இங்கேயும் பூவை ஜாடியில் வைக்கவில்லை. லைலாக்கோடு வெள்ளரி, ஆரஞ்சு இலை, கோதுமை மூன்றையும் சேர்த்து, மழை விட்ட தெருவில் பூத்த செடியைக் காட்டப் பார்க்கிறார். அந்த ஈரத்துக்குத்தான் வெள்ளரி. சில தோல்களில் அது பூவுக்குப் பின்னால் நின்று குளிர்ச்சி தருகிறது. சில தோல்களில் முன்னால் வந்து தர்பூசணித் தோலாகிவிடுகிறது. தொண்ணூறுகளின் ‘கடல்காற்று’ சென்ட்டுகள் பிடிக்காதவர்களுக்கு இந்த இடம் ஒத்துக்கொள்ளாது. முதல் இருபது நிமிடம் பொறுத்தால் வெள்ளரி அடங்கும். அதற்குள் கழுவிவிட்டு விமர்சனம் எழுதுபவர்கள் நிறைய.

கோதுமைதான் இதில் உள்ள புத்திசாலித்தனம். வெள்ளரி அடங்கும்போது லைலாக்கின் பவுடர் இனிப்புக்குக் கீழே லேசான புளித்த மாவு வாடை ஏறும். பேக்கரிக்குள் நிற்கும் மணம் இல்லை. தெருவில் போகும்போது கதவு திறந்து மூடிய அளவுதான். இது இல்லாவிட்டால் முழு வாசனையும் டால்கம் பவுடராகப் போயிருக்கும். மாவு தெரிகிறது என்பவர்களில் பாதிப்பேர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் இந்த விலைக்கு இதை வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

நிற்கும் நேரம் உண்மையிலேயே இதன் பலவீனம். வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம், ஏசி அறையில் நான்கு ஐந்து. அதற்குமேல் தோலோடு ஒட்டிய மெல்லிய மஸ்க் (கஸ்தூரி வகை வாசனை) மட்டும். காரணம் எளிது: ஈரமும் பச்சையும் காட்டும் பொருள்கள் சீக்கிரம் ஆவியாகும் ஜாதி, அவற்றைப் பிடித்து வைக்கச் சந்தனம், அம்பர், வெனிலா என்று கனமாக எதையாவது போட்டால் அந்தத் தெளிவே கெட்டுவிடும். தெரிந்தே தெளிவின் பக்கம் போயிருக்கிறார் ஜாகோபெட்டி. இத்தோடு, சில மஸ்க் மூலக்கூறுகள் சில மூக்குகளுக்குத் தெரிவதே இல்லை. ‘அரை மணியில் காணாமல் போனது’ என்பவரின் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அது தெரிந்துகொண்டிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

நம் வெயிலில் இதைப் பூசுவதற்கு மணிக்கட்டு மோசமான இடம். வியர்வை, கை கழுவுதல், சோப்பு என எல்லாம் அங்கேதான். குளித்துத் துடைத்ததும் வாசனையில்லாத மாய்ச்சரைசரோ, மிக மெல்லிசாக வாஸ்லினோ முழங்கை மடிப்பிலும் கழுத்துக்குக் கீழேயும் தடவி, அதன்மேல் நான்கைந்து முறை அடிக்கலாம். தேய்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அதன் மணமே மாவு வாடையோடு சேர்ந்து பலகாரமாகிவிடும். இன்னும் நல்லது பருத்தித் துணி: சட்டையின் உள்மடிப்பு, துப்பட்டா ஓரம். துணியில் சூடு குறைவு, அதனால் பூ நீண்ட நேரம் நிற்கும். வெளிர்ப் பட்டில் மட்டும் அடித்துவிடாதீர்கள், கறை விழுந்தால் போகாது. தலையில் மல்லி வைத்த நாளில் இதை அடிப்பது வீண். ஒரு முழம் மல்லிக்கு முன்னால் இந்த லைலாக் வாய் திறக்காது.

வாங்குமுன் சாம்பிள் கட்டாயம். காகிதத்தில் இரண்டு, முழங்கை மடிப்பில் இரண்டு அடித்து, ஐந்தாம் நிமிடம், அரை மணி, இரண்டு மணி என்று மூன்று முறை முகருங்கள். காகிதத்தில் நன்றாக இருந்து தோலில் தர்பூசணியாக மாறினால், துணிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் வெள்ளரி அடங்காவிட்டால் விட்டுவிடுங்கள். பழகப் பழகப் பிடிக்கும் வகை இல்லை இது.

பூ மட்டும் போதும், தெருவும் மழையும் வேண்டாம் என்பவர்களுக்கு டிமீட்டரின் ‘லைலாக்’ மலிவு. நேராகப் பூவைக் காட்டும், நேராகப் போயும்விடும். ஏரினின் ‘லைலாக் பாத்’ (2013) தொடக்கத்தில் கால்பனம் பிசினின் பச்சைக் கசப்போடு வந்து, பிறகு மல்லியும் ஆரஞ்சுப்பூவுமாக இனிக்கும். கல்யாண வீட்டுக்கு அதுவே பொருத்தம். ஆன் பாஸான் அலுவலகத்துக்கும் காலை நடைக்கும் சரி, கூட்டத்தில் எடுபடாது.

அளவைப் பொறுத்தவரை 10 மி.லி. போதும். ஒரு அழுத்தலுக்குச் சுமார் 0.1 மி.லி. என்றால் நூறு முறை வரும். நாளைக்கு ஐந்து வீதம் இருபது நாள் கணக்கு. பெரிய பாட்டில் வாங்கி வெளிச்சம் படும் அலமாரியில் வைத்தால், இன்டோல் உள்ள கலவைகள் நிறம் கறுக்கும். நிறம் மாறியதால் மட்டும் கெட்டுப்போனதென்று அர்த்தமில்லை. அடித்ததும் புளிப்போ நெயில்பாலிஷ் நெடியோ நெடுநேரம் நின்றால்தான் கெட்டது. பெட்டியோடு பீரோவுக்குள் வையுங்கள், குளியலறையில் வேண்டாம்.

பழைய சரக்கு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வகைப் பூ மணங்களில் தாராளமாகப் புழங்கிய லிலியல் என்ற செயற்கை வாசனைப்பொருள், 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஐரோப்பியச் சந்தைக்கான பெர்ஃப்யூம் எதுவானாலும், பெட்டியின் பொருள் பட்டியலில் லிலியலின் வேதிப்பெயரான ‘பியூட்டைல்ஃபினைல் மெத்தில்ப்ரோபியனல்’ என்று இருந்தால் அது அந்தத் தேதிக்கு முந்தைய கலவை. விற்பவர் ‘புது ஸ்டாக்’ என்று சத்தியம் செய்தாலும் பட்டியலைத் திருப்பிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.