14 ஆண்டுப் பிக்கப்பும் ஓர் எர்த் கேபிளும்

பழைய டீசல் பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். 14 ஆண்டுகளாக அதே வகை வண்டியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்கிறவன் நான். இஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பாரம் இழுப்பதில் இன்றுவரை அது நாணயமாகவே நடந்துகொள்கிறது. விடியற்காலை 3 மணிக்கு, தக்காளிக் கூடைகளை ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பும்போது, ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிவிடுகிற அதன் குணத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதலில் புதுப் பேட்டரி வாங்கினேன். பிறகு இஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றினோம். மாட்டிய பின் சில நாள் ஒழுங்காக எடுத்ததால் பழுது தீர்ந்தது என்றே நம்பினோம். ஆனால் அந்த ‘டக்’ திரும்பி வந்தது. தள்ளிவிட்டால் நாலு முழம் உருள்வதற்குள் வண்டி உயிர் பெற்றுவிடும் என்பதிலிருந்தே, டீசல் வரத்திலோ ஹீட்டர் பிளக்கிலோ கோளாறில்லை என்பது தெளிவாகத்தான் இருந்தது.

காட்டிக்கொடுத்தது ஆக்சிலரேட்டர் கேபிள். ஐந்தாறு முறை செல்ஃப் அடித்த பின் பானட்டைத் திறந்து எதேச்சையாகத் தொட்டேன். டீ கிளாஸைப் போலச் சுட்டது. இஞ்சின் உடம்பைப் பேட்டரியின் நெகட்டிவோடு இணைக்கும் எர்த் கேபிள் வழியாகத் திரும்ப வேண்டிய மின்சாரம், வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பிக்குள் புகுந்திருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்தேன். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது பேட்டரி முனைகளில் 11.9 வோல்ட் நின்றது. பேட்டரி சோர்ந்திருந்தால் அது 9.6-க்கும் கீழே விழுந்திருக்கும். அடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இஞ்சின் உடம்பிலும் வைத்து, தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 5 வோல்ட் காட்டியது. கேபிளைக் கழற்றி உறையைக் கீறியபோது செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன.

புதுக் கேபிளுக்கு ஆன செலவு 350 ரூபாய். அதற்கு முன் வீணாக்கியது ஒன்பதாயிரத்துக்கு மேல். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறெல்லாம் வந்து அப்புகிற இடமாகப் பார்த்து எர்த் கேபிளை முடுக்கும் போல்ட்டை வைத்த புண்ணியவான், ஒரு மழைக்காலமாவது இந்த வண்டியை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். அன்று மாலையே என் வண்டிக்கு நல்ல விலை பேசி வந்த தரகரிடம், விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.