65 செ.மீ. பிரஷ்லெஸ் ரேஸ் போட்: ஆறு மாதம் ஓட்டிய பிறகு

ரிமோட்டில் ஓட்டுகிற இந்த போட்டின் பெட்டி மேல் 'பிரித்தவுடன் ஓட்டலாம்' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்பேன், ஆனால் பிரித்த அன்றைக்கே ஏரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு சாயங்காலம் மேசையில் வைத்து வேலை பாருங்கள். இதே போட்டை இதே கடையில் வாங்கிய நண்பர் மூன்றாவது தடவையே ஷாஃப்ட்டை முறித்துக்கொண்டார், என்னுடையது ஆறு மாதமாக அதே ஷாஃப்ட்டில் ஓடுகிறது.

பொருளைப் பற்றி முதலில். அடிப்பக்கம் ஆங்கில V மாதிரி ஆழமான உடல் (டீப்-வி ஹல்), ஏபிஎஸ் பிளாஸ்டிக், தண்ணீரால் குளிரும் 2000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார் (கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு), ஓடுவது 3எஸ் லிப்போவில், அதாவது மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில். ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ், துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிற வகை. ஹல் வார்ப்பு சுத்தம், அடிப்பக்க விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன, இந்த விலைக்கு அது பெரிய விஷயம்.

இனி ஷாஃப்ட். இந்த மாதிரி போட்டுக்கு உயிரே அங்கேதான். மோட்டாருக்கும் புரொப்பல்லருக்கும் நடுவில் இருப்பது திடமான கம்பி இல்லை, மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் சுற்றிய ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட். வளைந்த குழாய்க்குள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும். உருவிப் பார்த்தேன், ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ், மீதியெல்லாம் வறட்சி. துடைத்துவிட்டு மரீன் கிரீஸை முழு நீளத்துக்கும் விரலால் தடவிச் சொருகினேன். அடுத்தது இடைவெளி. சுமை விழும்போது இந்த ஷாஃப்ட் முறுக்கேறி நீளத்தில் சுருங்கும், அதனால் ஷாஃப்ட்டின் பின்முனையைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும், புரொப்பல்லருக்கு (புரொப்) முன்னால் அதைச் சேர்த்துச் சுழற்றும் டிரைவ் டாக் என்ற துண்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. விட வேண்டும். என் போட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுதான் இருந்தது. அப்படியே ஓட்டினால் டாக் ஸ்ட்ரட்டில் அழுந்தி உரசும், சூடேறும், கடைசியில் ஷாஃப்ட் முறியும். நண்பருக்கு நடந்தது இதுதான். மோட்டார் பக்கம் ஷாஃப்ட்டைக் கவ்வியிருக்கும் கோலெட் நட்டைத் தளர்த்தி, ஷாஃப்ட்டை வெளியே இழுத்து 4 மி.மீ. வைத்து, இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும் உருவித் துடைத்துப் புது கிரீஸ் போடுகிறேன். கிரீஸ் பால் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், ஒரு ராத்திரி விட்டாலும் துரு பிடிக்கும்.

கூட வந்த பிளாஸ்டிக் புரொப்பை மாற்றிவிடுங்கள். முழு வேகத்தில் அதன் இதழ் வளைந்து கொடுக்கிறது. ஒரு கணக்கு: 11.1 வோல்ட், 2000 கேவி, சுமையில்லாமல் நிமிடத்துக்கு 22,200 சுற்று. 36 மி.மீ. விட்டத்தில் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) 1.4 மடங்கு என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 50 மி.மீ., அதாவது மணிக்கு 67 கி.மீ. இது ஏட்டுக் கணக்குதான், தண்ணீரில் சுற்றும் குறையும், நழுவலும் உண்டு. உள்ளே வைத்த சின்ன ஜிபிஎஸ் பிளாஸ்டிக் புரொப்பில் 41 காட்டியது, அதே அளவு உலோகப் புரொப்பைக் கூர்தீட்டி பேலன்ஸ் செய்து போட்டதும் 49. பெரிலியம் காப்பர் புரொப் என்றால் தீட்டும்போது மாஸ்க் கட்டாயம், நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

எடை எங்கே விழுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். பின்விளிம்பிலிருந்து நீளத்தில் 30 சதவீதம், இந்த போட்டில் 19 செ.மீ. பக்கம், அங்கே இரண்டு விரலால் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும். பேட்டரியை முன்னே பின்னே தள்ளி வெல்க்ரோவில் கட்டினேன். 2 செ.மீ. பின்னால் வைத்தபோது மூக்கு எழும்பி எழும்பித் தவளை மாதிரி குதித்தது, சரியான இடத்தில் வைத்ததும் கோடு போட்ட மாதிரி போகிறது.

நான் ஓட்டுவது ஊருக்கு வெளியே ஒரு ஏரி, காலை ஏழு மணிக்கு முன்னால். வலை போடுகிற அண்ணனிடம் எந்தப் பக்கம் விரித்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் இறக்குவேன். இரண்டாவது வாரம், ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுத் துளையிலிருந்து வரும் தண்ணீர்ப் பீச்சல் மெலிந்து நூலாகி நின்றுபோனது. மோட்டாரையும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியையும் சுற்றிவரும் குளிர்ச்சித் தண்ணீர் அது, சுக்கானில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் உள்ளே ஏறுகிறது. உடனே த்ராட்டிலை விட்டு மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்தேன். துளையில் வேலம்பாசி ஒரு இழை, மயிர் அளவு, சுருண்டு அடைத்திருந்தது. ஊசியால் எடுத்துவிட்டு வாயால் ஊதினால் மறுபக்கம் தண்ணீர் வருகிறது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், கை வைத்திருக்க முடியவில்லை. இன்னும் அரை நிமிடம் ஓட்டியிருந்தால் ஈஎஸ்சி போயிருக்கும். ஓடும்போது கண் அந்தப் பீச்சல் மேலேயே இருக்கட்டும்.

கவிழ்ந்தால் தானே நிமிரும் என்றார்கள், உண்மைதான். இடப்பக்கம் தனி அறை இருக்கிறது, தலைகீழானதும் அதில் தண்ணீர் ஏறி எடை ஒரு பக்கம் சாய்ந்து புரட்டிவிடும், கிளம்பியதும் பின்னால் வடியும். இதுவரை ஒரே ஒரு தடவை அலையில் நிமிராமல் கிடந்தது, தூண்டில் கோலில் டென்னிஸ் பந்து கட்டி எறிந்து இழுத்தேன். மூடி விளிம்பில் டேப் ஒட்டுவதையும் உள்ளே கொஞ்சம் ஃபோம் அடைப்பதையும் மறக்காதீர்கள். வலது திருப்பத்தில் அழகாகப் பிடித்துத் திரும்புகிறது, இடதில் வால் நழுவுகிறது. இதைக் குறையாக நான் சொல்லமாட்டேன், இந்த மாதிரி போட்டுகளுக்கான பந்தயங்கள் வலஞ்சுழியாகத்தான் நடக்கின்றன, அதற்குத் தகுந்த அமைப்பு இது.

பேட்டரி தனியாக வாங்க வேண்டும். 5000 எம்ஏஎச் போட்டு 4 நிமிடம் ஓட்டினேன், சார்ஜர் திரும்ப ஏற்றியது 3600, சராசரி 54 ஆம்பியர் வருகிறது. 80 சதவீதத்துக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் டைமரை 4 நிமிடத்திலேயே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுவேன், முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைத்தால் உப்பும்.

கடை பற்றி: போனில் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், பேட்டரியைத் தரைவழியாகத்தான் அனுப்புவார்கள், எனக்கு எட்டு நாள் ஆனது. ஒரே குறை, உதிரி ஷாஃப்ட் கையிருப்பில் இல்லை. போட் வாங்கும்போதே ஷாஃப்ட்டும் புரொப்பும் ஒரு செட் கூடுதலாகக் கேட்டு வையுங்கள், நண்பரின் போட் இரண்டு மாதமாக அலமாரியில் இருக்கிறது.