சிட்டையா, குறிப்பேடா?

ரங்கூன் மொகல் தெருவில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்களுக்கு எழுதி வைப்பதே தொழில். 1930 வாக்கில் பர்மாவில் அவர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. அந்தக் காலத்தைப் பற்றி இங்கே யாங்கோனில் (பழைய ரங்கூனில்) எழுத உட்காரும்போது, அன்றாட வரவுசெலவு எழுதிய நோட்டை எப்படிச் சொல்வது? இரண்டு சொற்கள் கைக்கு வருகின்றன.

குறிப்பேடு எளிது. 'குறி' என்றால் அடையாளமிடுவது, அதிலிருந்து குறிப்பு. ஏடு என்பது முதலில் பூவிதழ், ஓலை. அப்புறம் தாள், புத்தகம். பேரேடும் ஏட்டின் பிள்ளைதான், பெரிய ஏடு. பொருள் சொல்லுக்குள்ளேயே தெரிகிறது. ஆனால் இன்று பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்தின் வாசம் அதில் அடிக்கிறது.

சிட்டை அப்படியல்ல. வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியில் சிட்டா என்றால் கணக்குத் தாள், சிட்டி என்றால் கடிதம். அந்தச் சிட்டியைத்தான் ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டு, 18ஆம் நூற்றாண்டில் சுருக்கி 'சிட்' (chit, துண்டுச்சீட்டு) ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் நிலத்துக்கு சிட்டா வாங்க அலைந்தவர்களுக்கும் இந்தக் குடும்பம் தெரியும். (கர்நாடக இசையின் சிட்டைஸ்வரத்தை இதில் இழுக்க வேண்டாம்.)

கடைக்கதை எழுதினால் என் ஓட்டு சிட்டைக்கு. அதில் கல்லாப்பெட்டியின் சத்தம் கேட்கிறது. பிள்ளைகளுக்கு விளக்குவதென்றால், சரி, குறிப்பேடு போதும்.