பாலாய் ராயா மிருதங்க வகுப்பு: மாஸ்டருக்கு நாலரை நட்சத்திரம், மானியத்துக்கு ரெண்டு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பெரியவர்களுக்கு மிருதங்கம் சொல்லித்தரும் இடம் இருக்கிறதா என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். இருக்கிறது. எங்கள் தாமான் (குடியிருப்பு) பாலாய் ராயாவில், அதாவது சமூகக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். மாதம் 20 வெள்ளி (ரிங்கிட்), அறுபது வயது தாண்டியவர்களுக்குக் காசு இல்லை. சொந்த மிருதங்கம் இல்லாவிட்டால் அங்கே இருப்பதையே வாசிக்கலாம், ஆனால் இருப்பது கொஞ்சம்தான், தாமதமாகப் போனால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மாஸ்டர் கொஞ்சம் கோபக்காரர். பையன்கள் தப்பாக வாசித்தால் திட்டுவார், பெரியவர்கள் தாளம் விட்டால் திட்டமாட்டார், கண்ணை மட்டும் மூடிக்கொள்வார், அதற்குத் திட்டே வாங்கிவிடலாம். அவசரமே படமாட்டார். 'தா தி தொம் நம்' மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) சுத்தமாக வராமல் அடுத்த பாடம் கிடையாது, எத்தனை மாதம் ஆனாலும் சரி. யூடியூப் பார்த்துவிட்டு வந்து முதல் நாளே தனி ஆவர்த்தனம் (தனியாக வாசிக்கும் பகுதி) கேட்கும் பிள்ளைகள் இதனாலேயே நின்றுவிடுகிறார்கள், அவர்களுக்கு இந்த வகுப்பு வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் வேலை, குடும்பம் என்று ஓடி முடித்து இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தவர்களுக்கு இந்த நிதானம் அருமையாக ஒத்துவருகிறது.

எங்களோடு ஒரு பெரியம்மா படிக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் தோட்டத்துக் கோயில் பஜனையில் மிருதங்கம் வாசிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டாராம், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு"ன்னு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்களாம். மிருதங்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வாசிப்பதற்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடது பக்கத் தோலின், அதாவது தொப்பியின், நடுவில் அப்ப வேண்டும், அப்போதுதான் 'தொம்' அடிவயிற்றிலிருந்து வரும். பிசைவது லேசான வேலை இல்லை. தண்ணீர் கூடினால் வழுக்கிக்கொண்டு ஓடும், குறைந்தால் பாதி வாசிப்பிலேயே காய்ந்து மடியில் உதிரும். பெரியம்மா விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு "இன்னும் ரெண்டு சொட்டு" என்பார், அவ்வளவுதான், அன்றைக்கு ஒரு மிருதங்கத்திலும் ரவை உதிராது. இப்போதெல்லாம் மாஸ்டரே கிண்ணத்தை அவரிடம் தள்ளிவிடுகிறார். பெரியம்மாவின் வலது கை இன்னும் மூன்றாம் காலத்துக்கு வரவில்லை. வரும்.

சரி, ரெண்டு நட்சத்திரக் கதைக்கு வருகிறேன். வகுப்பு மானியத்தில் ஓடுகிறது. யார் கொடுக்கும் மானியம் என்பது இங்கே வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். அந்தப் பணத்தில் மேடைக்கு உண்டு, பேனருக்கு உண்டு, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-சட்டை உண்டு, ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) வந்தால் சாப்பாடும் உண்டு. மாஸ்டர் சம்பளம் மட்டும் சில மாதத்துக்குத்தான். வருஷக் கடைசியில் பணம் தீர்ந்ததும் வகுப்புக்குப் பூட்டு, அடுத்த மானியம் வரும்வரை மாஸ்டர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். இளம் பிள்ளைகள் இடைவெளிக்குப் பிறகு ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள், அறுபது வயது விரலுக்கு அப்படி முடியாது, மறுபடி 'தா தி'யிலிருந்து ஆரம்பம். கலைக்கு உதவி என்றால் நிகழ்ச்சிக்கு உதவி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேனர் செலவில் பாதியை வாத்தியாருக்குக் கொடுத்தால் போதும்.

உதவியே இல்லை என்று சொல்லவரவில்லை. 2024 வரி ஆண்டிலிருந்து 2,500 வெள்ளி வாழ்க்கைமுறை வரிவிலக்கில் சுயமேம்பாட்டு வகுப்புக் கட்டணத்தையும் சேர்த்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி, அந்தச் சம்பளம் வாங்குபவர் வருமான வரியே கட்டுவதில்லை, பிறகு எதிலிருந்து விலக்கு? பெரியம்மாவுக்கு வரிப் படிவமே வீட்டுக்கு வராது. அதே பெரியம்மா கடையில் வாங்கும் பல சாமான்களுக்கு எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) கட்டுகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிலாங்கூர் செர்டாங்கில் இருக்கும் யுபிஎம் பல்கலைக்கழகத்தில் மூத்தவர்களுக்கான யுதிரிஏ (மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்) வகுப்புகள் நடக்கின்றன, கேள்விப்பட்டு ஆசையாக இருந்தது, ஆனால் இங்கிருந்து யார் போய்வருவது? பக்கத்துச் சிங்கப்பூரில் 50 வயது நிறைந்த குடிமக்கள் அதற்கென்று உள்ள வகுப்புகளுக்குப் போனால் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசாங்கமே நேரடியாகக் கழித்துவிடுகிறது. வரி கட்டுகிறாயா என்று கேட்பதில்லை. நமக்கு வேண்டியது அந்த மாதிரி ஏற்பாடு.

வகுப்பில் ஒரு அண்ணன், நாமே ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு நடத்திக்கொள்ளலாம் என்கிறார். இந்த ஊர் எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது தோட்டத் தொழிலாளர்கள் அப்படித்தான் பத்துப் பத்தாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் அது தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடும் வேலையும் போகும் என்ற நிலையில் செய்தது. பாலாய் ராயாவும் நம் வரிப்பணத்தில் கட்டியதுதானே, அதற்குள் ஒரு வாத்தியாரை வருஷம் முழுக்க உட்காரவைக்க ஏன் மறுபடி பென்ஷன்காரர்கள் பையைத் துழாவ வேண்டும்? நான் அண்ணனுக்கு எதிர்க்கட்சி.

கட்டடம் பற்றி: காற்றாடி இரண்டில் ஒன்று சுற்றாது, கழிப்பறை பரவாயில்லை, தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலியும் ஸ்டாண்டும் தருகிறார்கள், கேட்க வெட்கப்படாதீர்கள்.

வகுப்பு ஒன்பதுக்கு, எட்டே முக்காலுக்குப் போனால் மிருதங்கம் நிச்சயம். கையில் ஒரு பிடி ரவை கொண்டு போங்கள், வறுத்த ரவை வேண்டாம். சேருவதாக இருந்தால் ஜனவரியில் போய் நிற்காதீர்கள், பூட்டுதான் இருக்கும். மார்ச் கடைசியில் எதிர்க்கடை அண்ணனிடம் விசாரித்துவிட்டுப் போங்கள், சாவி அவரிடம்தான் இருக்கிறது.