ஈறு நோய்க்குத் திரிபலாவும் நல்லெண்ணெயும்: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பல் துலக்கித் துப்பும் நீர் சிவந்திருப்பதை நான் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில், கீழ்வரிசை முன்பல் ஒன்று நாக்கால் தள்ளினாலே அசையத் தொடங்கிய பிறகும், வீட்டில் 'பயோரியா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் அந்த நோய்க்காகப் பல் மருத்துவரை நாடாமல் நாட்டு மருந்துக் கடைக்குத்தான் சென்றேன். அப்போது எனக்கு வயது 51. சர்க்கரை நோய் வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைப் பத்து நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவேன். இரவில் ஒரு தேக்கரண்டி திரிபலா சூரணத்தை இரண்டு குவளை நீரிலிட்டு, பாதியாக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டி, ஆறிய பின் அந்தக் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பேன். மூன்றே வாரங்களில் இரத்தக் கசிவு ஏறக்குறைய நின்றது. வாய் நாற்றமும் குறைந்தது. கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் இந்த முறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மகிழ்ச்சிதான் என்னை ஏமாற்றியது. திரிபலாவில் சேரும் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றிலும் துவர்ப்பு தரும் டானின் மிகுதியாக உள்ளது. அது ஈறின் மேற்பரப்பை இறுக்குகிறது. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே துவர்ப்புதான். (அந்த 'வேல்' என்பதைப் பலர் வேம்பு என்று கொள்கிறார்கள், அது வேலமரம்.) ஆனால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில், வேரை ஒட்டிக் கல்லாக இறுகிவிட்ட காரையைக் கஷாயமோ எண்ணெயோ கரைப்பதில்லை. மேலே கசிவு நின்றிருக்க, உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு தேய்ந்துகொண்டே இருந்தது.

ஒன்பதாவது மாதம் கடைவாய்ப் பக்கம் சீழ் கட்டியது. ஈறு நோய் மருத்துவர் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெல்லிய அளவுகோலைச் செருகிப் பார்த்தபோது, நலமான ஈறில் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய பள்ளம் சில இடங்களில் 6, ஓரிடத்தில் 7 என்று இருந்தது. ஈறு வீக்கம் மட்டுமாக இருந்த கட்டத்திலேயே வந்திருந்தால் முழுமையாகச் சரிசெய்திருக்கலாம் என்றும், தேய்ந்த எலும்பு தானாக வளராது என்றும் அவர் சொன்னார். நான்கு அமர்வுகளில், மரத்துப்போகும் ஊசியிட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்தார். பிறகு இரண்டு வாரம், கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் வாய்கழுவி. அதில் நாக்கின் சுவை கெட்டது, பற்களிலும் பழுப்புக் கறை படிந்தது.

அது முடிந்ததும் அவருடைய ஒப்புதலோடு திரிபலாவை மீண்டும் தொடங்கினேன். இம்முறை அது உண்மையிலேயே துணை நின்றது என்பது என் கணிப்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலான பள்ளங்கள் 4 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தன. இரண்டு இடங்கள் மட்டும் 5இல் நின்றன. அதன் பெரும்பங்கு அந்தச் சுரண்டலுக்கும், பல்லிடுக்குத் தூரிகைக்கும், அதே காலத்தில் கட்டுக்குள் வந்த சர்க்கரைக்கும் உரியது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. திரிபலாவின் பங்கை இவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. ஆனால், இடையில் ஊருக்குச் சென்று இரண்டு வாரம் கஷாயத்தை விட்டிருந்தபோது, மற்றவற்றை விடாமல் செய்தும் ஈறு சற்றே தடித்து மீண்டும் கசிந்தது.

மாத்திரைகளைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வைட்டமின் சி நான்கு மாதம் எடுத்தும் வேறுபாடு தெரியவில்லை. நெல்லியும் கொய்யாவும் உண்பவனுக்கு அதில் குறை இருந்திருக்க வாய்ப்பில்லை. மஞ்சளின் சாரமான குர்குமின் மாத்திரையை, நான் இதயத்துக்காக ஆஸ்பிரின் உட்கொள்வதை அறிந்ததும் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் உறைவது தாமதமாகலாம். சமையலில் போடும் மஞ்சளுக்கு அவர் தடை சொல்லவில்லை.

நல்லெண்ணெயை இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் கொப்பளிக்கிறேன். வாய் வறட்சிக்கு அது இதமாக இருக்கிறது, அதற்கு மேல் எதையும் நான் அதனிடம் எதிர்பார்ப்பதில்லை. (கைகழுவும் தொட்டியில் துப்பிக் குழாய் அடைத்துக்கொண்ட பிறகு, பழைய செய்தித்தாளில் துப்பிக் குப்பையில் போடுகிறேன்.) திரிபலாவும் பல்லில் இலேசான கறையை விடுகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காரை எடுக்கச் செல்லும்போது அதுவும் போய்விடுகிறது. ஆடிய முன்பல்லை அண்டைப் பற்களோடு கம்பியால் பிணைத்திருக்கிறார்கள்; இன்றுவரை நிற்கிறது.