பிளக்கை கழட்டாமலே பிளக் மாத்துனதா பில்லு – கார் சர்வீஸ் விடுறவங்க பாத்து விடுங்க

திருச்சில ஒரு ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல ஏமாந்துட்டேன். பேரு போடல, கம்ப்ளைன்ட் ஓடிட்டு இருக்கு.

வண்டி 2015 மாடல், 1.2 பெட்ரோல், நாலு சிலிண்டர், வாரன்டி எல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு. போன மாசம் சிக்னல்ல நிக்கும்போது கிடுகிடுன்னு நடுங்குச்சு, பாலம் ஏறுனா புல்லிங் இல்ல, செக் இன்ஜின் லைட்டு விட்டு விட்டு எரியுது. மிஸ்ஸிங் அடிக்குதுன்னு, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலன்னு நமக்கே தெரியுது, நாமளே பாத்துக்கலாம்னு பானெட்ட தூக்குனா வீட்ல "இன்ஜின் விஷயம், கம்பெனிலயே விடுங்க"ன்னு ஒரே பிடிவாதம், சரின்னு விட்டேன். ஸ்பார்க் பிளக் (சிலிண்டர்ல தீப்பொறி விடுறது) நாலு, இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், டிகார்பன் அது இதுன்னு 11,400 ரூபா. சமயபுரம் டோல்கேட் தாண்டல, திரும்ப அதே நடுக்கம்.

மறுநாள் போனா அட்வைசர் தம்பி கூலா "இன்ஜின் மேல் பாகம், ஹெட்டு, இறக்கணும் சார், வால்வு போயிருக்கும், 65 ஆயிரத்துல இருந்து ஆரம்பிக்கும்"ங்கிறாரு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாத்தீங்களா, எவ்வளவு வந்துச்சுன்னேன், "டெக்னீஷியன் சொன்னாரு சார்". ஸ்கேன் ரிப்போர்ட்டு? "சிஸ்டம்ல இருக்கு சார்". கழட்டுன பழைய பிளக்கு? "ஸ்கிராப்புக்கு போயிருச்சு சார்". சாவிய வாங்கிட்டு வந்துட்டேன்.

900 ரூபாக்கு இன்ஜின் கோளாறு கோட படிக்கிற ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கி ஸ்டீயரிங்குக்கு கீழ சொருகி போன்ல பாத்தா பி0302, அதாவது ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். இன்ஜின் நல்லா ஆறுனதும் பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில்ல ரெண்டாவத மூணுக்கும் மூணாவத ரெண்டுக்கும் மாத்தி போட்டு, கோட அழிச்சிட்டு தெருவுல ஒரு ரவுண்டு அடிச்சேன், இப்ப பி0303. கோளாறு காயிலோடவே போயிருக்கு, அப்ப காயில்தான் அவுட்டு, வால்வும் இல்ல ஒரு மண்ணும் இல்ல.

ஆனா எனக்கு ரத்தம் கொதிச்சது அதுக்கு முன்னாடியே, காயில கழட்டுறப்பவே. போல்ட்டு மேல வருஷக்கணக்கு தூசி அப்படியே படிஞ்சு கிடக்கு, ஒருத்தன் ஸ்பேனர் வச்ச தடம் கூட இல்ல, உள்ள இருந்த பிளக்கு முனை தேஞ்சு உருண்டு போயிருக்கு. நாலுமே அப்படித்தான். இதுக்குத்தான் பில்லு!

காயில் ஒண்ணு, பிளக் நாலு, எல்லாம் சேத்து 3,650, வேலை முக்கா மணி நேரம். பிளக்க மொதல்ல கையாலயே திருகி உக்கார வச்சிட்டு அப்பறம்தான் டார்க் ரென்ச் (அளவு வச்சு இறுக்குற ஸ்பேனர்) போட்டேன், ஹெட்டு அலுமினியம், முரட்டுத்தனமா இறுக்குனா மரை போயிரும். டைமிங் செயின், ஹெட் வேலைல எல்லாம் நான் கை வைக்க மாட்டேன், அதுக்கு ஆளும் டூல்ஸும் வேற. ஆனா எங்க கொண்டு போனாலும் ஸ்கேன் கோடு, கம்ப்ரஷன் ரீடிங், பழைய பார்ட்ஸ் மூணையும் வேலைக்கு முன்னாடியே கேட்டு வைங்க, ஜாப் கார்டுலயே எழுத சொல்லுங்க. லைட்டு விட்டு விட்டு எரிஞ்சா அப்படியே ஓட்டிட்டு திரியாதீங்க, எரியாத பெட்ரோல் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு போய் அதையும் காலி பண்ணிரும், அது விலைக்கு முன்னாடி காயில் எல்லாம் தூசு.

1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுத்திருக்கேன், பழைய பிளக்கு நாலும் பில்லோட ஒரு கவர்ல போட்டு பீரோல இருக்கு. நேத்து சர்வீஸ் சென்டர்ல இருந்து போன், புகார் விஷயமா இருக்கும்னு எடுத்தா, "சார் ஃபீட்பேக் கால் வரும், பத்துக்கு பத்து குடுத்துருங்க சார்"ங்குறாங்க.